அட்டை கிழிந்த புத்தகமும் கார் ரிப்பேர் பதிப்பகமும்

பிரான்சின் அமியான் நகரில் வாழ்ந்த காலத்தில், அறிவியல் புனைகதையின் முன்னோடி எழுத்தாளர் ஜூல் வெர்ன் விடியற்காலை 5 மணிக்கே எழுத உட்கார்ந்துவிடுவார். 11 மணி வாக்கில் எழுத்து வேலை முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்திரிகை படிக்கும் நேரம். மொத்தம் 15 பத்திரிகைகள், தினமும் அதே 15. அவற்றை முடித்துவிட்டு அறிவியல் இதழ்கள், புவியியல் சங்க வெளியீடுகள் என்று போகும். கையில் எப்போதும் பென்சில் இருக்கும். கண்ணில் பட்டது எதுவானாலும் குறித்து வைப்பார். 1890களில் தன்னைப் பேட்டி காண வந்த ஒருவரிடம், அப்படிச் சேர்ந்த குறிப்புகள் குறைந்தது 20,000 இருக்கும் என்றார். தான் அறிவியலை முறையாகப் படித்தவன் இல்லை, ஓயாமல் வாசிக்கிறவன், அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

80 நாளில் உலகைச் சுற்றும் கதையும் அந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான். பாரிஸில் ஒரு காபிக் கடையில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு ஒருவன் 80 நாளில் பூமியைச் சுற்றி வந்துவிடலாம் என்ற கணக்கு அவர் கண்ணில் பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தாயிற்று. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதையும் அதே ஆண்டு இணைந்துவிட்டது. 1870-இல் பம்பாயையும் கல்கத்தாவையும் ரயில் இணைத்தது. ஆக, யார் வேண்டுமானாலும் போட்டிருக்கக்கூடிய கணக்கு அது. அதே பக்கத்தை எத்தனையோ பேர் படித்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்துக் கிளம்பியிருப்பார்கள். வெர்னுக்கு உறைத்தது வேறு விஷயம்: கிழக்கு நோக்கியே போகிறவனுக்கு வழியில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும், அதை அவன் கவனிக்காமலே இருந்துவிடலாம். கதையின் முடிச்சு அங்கேயே விழுந்துவிட்டது. 1872 நவம்பர், டிசம்பரில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் அது தொடராக வந்தது. செய்தித்தாளில் முளைத்த கதை செய்தித்தாளுக்கே திரும்பிப் போனது.

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து தோன்றுகிறது? கேட்கிறவர் மனதில் ஒரு பதிலும் தயாராக இருக்கும். ஆய்வுக்கூடம், இயற்பியல் புத்தகம், அல்லது இதே வகையில் முன்னால் வந்த கதைகள். எழுத்தாளர்கள் உண்மையில் என்ன படித்தார்கள் என்று தேடிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இந்த வகையின் முக்கியமான நூல்கள் பலவற்றின் விதை, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தாளிலிருந்து விழுந்திருக்கிறது. அந்த நூல்கள் அச்சேறிய கதையைப் பார்த்தாலோ, அங்கேயும் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையோ படித்துக்கொண்டிருந்த ஒருவர் குறுக்கே வருகிறார். எழுதியவரும் துறை தாண்டிப் படித்தவர், அதைக் காப்பாற்றிய பதிப்பாசிரியரும் துறை தாண்டிப் படித்தவர். இது மறுபடி மறுபடி நடக்கிறது என்பதால் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஐசக் அசிமோவிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவருடைய அப்பா நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். கடையில் பத்திரிகைகளும் விற்பனைக்கு இருக்கும். மட்டமான தாளில் அச்சாகும் கதை இதழ்களை மகன் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. 1929-இல் 'சயன்ஸ் ஒண்டர் ஸ்டோரீஸ்' என்று ஓர் இதழ் வந்தது. பெயரிலேயே சயன்ஸ் இருக்கிறதே, இது படிப்புக்கு உதவும் என்று 9 வயதுப் பையன் வாதாடினான். ரஷ்யாவிலிருந்து குடியேறிய அப்பா, சரி, படித்துத் தொலை என்று விட்டுவிட்டார். ஆனால் அது விற்க வேண்டிய சரக்கு. ஆகவே கசங்காமல், மடங்காமல் படித்துவிட்டுப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். 1939-இல் அவருடைய முதல் கதை அப்படிப்பட்ட ஓர் இதழில் வந்தது. சன்மானம் 64 டாலர். வார்த்தைக்கு 1 சென்ட்.

வார்த்தைக்கு இவ்வளவு என்ற அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்றைய அமெரிக்க அறிவியல் புனைகதையின் உருவத்தையே தீர்மானித்தது அதுதான். இரண்டாம் உலகப் போர் முடியும் வரை அங்கே இந்த வகைக் கதைகளைப் புத்தகமாகப் போடப் பெரிய பதிப்பகங்கள் அநேகமாக முன்வரவில்லை. இதழ்தான் ஒரே கடை. எழுதுகிறவர்கள் கதை கதையாக எழுதுவார்கள், ஒரு கதை எடுபட்டால் அதே உலகத்தில் இன்னொன்று எழுதுவார்கள், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து யாராவது அவற்றைத் தைத்துப் புத்தகமாக்குவார்கள். வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்து, பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1941 ஆகஸ்ட் 1. அசிமோவுக்கு 21 வயது. 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பெலைப் பார்க்கச் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். கையில் கதை எதுவும் இல்லை. மடியில் இருந்த, கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய இசை நாடகங்களின் தொகுப்பைக் கண்ட இடத்தில் திறந்தார். ஒரு தேவதை ராணி காவல்காரச் சிப்பாய் ஒருவன் முன்னால் மண்டியிட்டிருக்கும் படம். சிப்பாயிலிருந்து ராணுவம், ராணுவத்திலிருந்து பேரரசு, பேரரசிலிருந்து ரோம், ரோமிலிருந்து பால்வீதி முழுக்கப் பரவிய ஒரு பேரரசு என்று மனம் தாவித் தாவிப் போனது. ரயிலை விட்டு இறங்கும்போது 'ஃபவுண்டேஷன்' வரிசையின் கரு கையில் இருந்தது.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் அந்தப் படத்துக்காகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படம் பெரிதாகத் தெரியவில்லை. எட்வர்ட் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை அசிமோவ் அதற்கு முன்பே ஒன்றுக்கு இரண்டு முறை படித்திருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய, ஆறு தொகுதி கொண்ட வரலாறு அது. வேதியியல் படிக்கிற ஒரு மாணவன் பரீட்சைக்கு உதவாத அதை ஏன் இரண்டு முறை படிக்க வேண்டும்? படிக்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அது உள்ளே ஊறிக் கிடந்ததால்தான் ஒரு சிப்பாயின் படம் ரோம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

கதை 1942-இலிருந்து இதழில் வந்தது. 1951 முதல் 1953 வரை ஒரு சின்னப் பதிப்பகம் மூன்று புத்தகமாகப் போட்டது. அசிமோவ் கைக்குப் பணம் வந்தபாடில்லை. 1961-இல் டபுள்டே பதிப்பகம் உரிமையை வாங்கிய பிறகுதான் கணக்கு நேரானது. 1966-இல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் வரிசை என்று, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது. அவருடைய புத்தகம் ஒன்று நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியதோ 1982-இல், அதே வரிசையின் நான்காவது நூலுக்கு. அதற்குள் அவர் 200-க்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதித் தள்ளியிருந்தார்.

இப்போது மணலுக்கு வருவோம். 1957-இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் ஒரு பத்திரிகைக்காரர். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலக் கடற்கரையில் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் மணல்மேடுகள் காற்றோடு நகர்ந்து சாலைகளையும் கட்டடங்களையும் விழுங்கிக்கொண்டிருந்தன. அந்நாட்டு வேளாண் துறை ஒருவகைக் கடற்கரைப் புல்லை நட்டு மணலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. இதைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்று ஹெர்பர்ட் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மேலேயிருந்து பார்த்தார். 'நகரும் மணலை அவர்கள் நிறுத்தினார்கள்' என்ற பொருளில் தலைப்புக்கூட வைத்தாயிற்று. கட்டுரைதான் முடியவே இல்லை. அவர் எழுத்தை விற்றுத்தரும் முகவருக்கு அதில் ஆர்வம் இல்லை. புல் நடுவதைப் பற்றி யார் படிப்பார்கள்?

கட்டுரை நின்றுபோனாலும் அதற்காக ஆரம்பித்த வாசிப்பு நிற்கவில்லை. மணலிலிருந்து பாலைவனச் சூழலியல், அங்கிருந்து பாலைவனங்களில் பிறந்த மதங்கள், அவற்றிலிருந்து மக்கள் ஒருவனை மீட்பராக நம்பிப் பின்னால் போவது ஏன் என்ற கேள்வி. 1960-இல் லெஸ்லி பிளாஞ்ச் எழுதிய ஒரு வரலாற்று நூல் வெளிவந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காக்கசஸ் மலைவாழ் முஸ்லிம்கள் இமாம் ஷமீல் தலைமையில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து நடத்திய போரைப் பற்றியது. இந்த வாசிப்பிலெல்லாம் விளைந்த ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் வரும் 'சகோப்ஸா' என்ற ரகசிய மொழியின் பெயரும், குலப்பகையைக் குறிக்கும் 'கன்லி' என்ற சொல்லும் அந்த நூலில் உள்ளவைதான். வேற்றுக்கிரகத்து வார்த்தை என்று நாம் வாய்பிளந்து படித்தது மலைநாட்டு வரலாற்றுப் புத்தகத்துச் சரக்கு.

'டியூன்' 1963 கடைசியிலிருந்து 1965 வரை 'அனலாக்' இதழில் இரண்டு தொடர்களாக வந்தது. அசிமோவ் சுரங்க ரயிலேறிப் பார்க்கப் போன அதே கேம்பெல்தான் ஆசிரியர்; 'அஸ்டவுண்டிங்' 1960-இல் பெயர் மாறி 'அனலாக்' ஆகியிருந்தது. இதழ் வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. புத்தகமாகப் போட 20-க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. ரொம்ப நீளம், ஆரம்பம் புரியவில்லை, அச்சிட்டால் விலை கட்டாது. அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதல் நூறு பக்கம் இன்றைக்கும் பலரைத் திருப்பி அனுப்புகிறது. நானே முதல் தடவை பாதியில் மூடி வைத்தவன்தான்.

அப்புறம் பிலடெல்பியாவிலிருந்து சில்டன் என்ற நிறுவனத்தின் கடிதம் வந்தது. சில்டன் என்றால் அமெரிக்காவில் மெக்கானிக் ஷெட்டுகளில் கிடக்கும் தடித்த கார் ரிப்பேர் வழிகாட்டிகளும், தொழில்துறைப் பத்திரிகைகளும்தான். அங்கே பதிப்பாசிரியராக இருந்த ஸ்டெர்லிங் லேனியர் 'அனலாக்' படிக்கும் பழக்கம் உள்ளவர், தானும் கதை எழுதுகிறவர். தொடரைப் படித்தார், பிடித்தது, கடிதம் போட்டார். 1965-இல் சில்டன் வெளியீடாக 'டியூன்' வந்தது. கார்புரேட்டர் படங்களைப் போட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு நாவலை எப்படி விற்பது என்று தெரியவில்லை. ஆரம்ப விற்பனை மந்தம். 1966-இல் ஹியூகோ விருதை இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது, அதே வகைக்கு அந்த ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட நெபுலா விருதையும் பெற்றது. அப்போதும் ஹெர்பர்ட் பத்திரிகை வேலையை விடவில்லை, விட முடியவும் இல்லை.

நாவலைத் தூக்கி நிறுத்தியது மெள்ள மெள்ளச் சேர்ந்த வேறு ஒரு கூட்டம். 1960களின் கடைசியில் சூழலியல் என்ற சொல் பொதுப் பேச்சுக்குள் வந்தது. மாற்று வாழ்க்கை தேடிய இளைஞர்களுக்கான 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்ற பொருள் விவரப் பட்டியல், கருவிகளுக்கும் விவசாயக் கையேடுகளுக்கும் நடுவில் 'டியூன்' நாவலையும் பரிந்துரைத்தது. நாவலின் கடைசியில், கதை நடக்கும் பாலைவனக் கிரகத்தின் சூழலியலை விளக்கும் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. கதைக்காக மட்டும் படிக்கிறவர்கள் தாண்டிப் போகும் பகுதி அது. இந்தப் புது வாசகர்கள் அதையும் கவனமாகப் படித்தார்கள். புல் நடுவதைப் பற்றிய கட்டுரைக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள், பத்தாண்டு தாமதமாக, வேறு வேடத்தில்.

அர்சுலா லெ குவினுக்கு அதுபோலப் பனி. தெற்குத் துருவத்துக்குப் போன ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகியோரின் பயணக் குறிப்புகளை ஆசையாகப் படித்து வந்தவர் அவர். அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர் என்பதால் வேற்றுச் சமூகங்களைப் பற்றிய பேச்சும் புத்தகமும் வீட்டிலேயே இருந்தன. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் இரண்டு பேர் பனிப்பாலைவனத்தைச் சறுக்குவண்டியோடு கடக்கும் நெடும் பகுதியைப் படித்தால் இந்த இரண்டு வாசிப்பும் கைகோத்து நடப்பது தெரியும். 1968-இல் ஒரு பதிப்பாசிரியர் இந்தக் கைப்பிரதியைப் படிக்கவே முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார். 1969-இல் ஏஸ் பதிப்பக வெளியீடாக மலிவு விலைப் பேப்பர்பேக்கில் வந்து ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது. பிற்காலத்தில் லெ குவின் அந்த நிராகரிப்புக் கடிதத்தை, எழுதியவர் பெயரை மட்டும் மறைத்து, எல்லோரும் படிக்க வெளியிட்டார். குறும்பு என்றும் சொல்லலாம், ஆறுதல் என்றும் சொல்லலாம்.

ரே பிராட்பரி கல்லூரிக்குப் போகாதவர். பத்து ஆண்டு நூலகத்துக்குப் போனதே தன் படிப்பு என்பார். கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அரை மணிக்கு 10 சென்ட் போட்டால் ஓடும் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் முதல் வடிவத்தை அதில் அடித்து முடித்தார். நடுநடுவே மாடிப்படி ஏறிப் போய், கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்துப் பிரித்து, ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி வருவாராம். புத்தகங்களைக் கொளுத்தும் உலகத்தைப் பற்றிய கதை எழுதப்பட்ட விதம் அது.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சாதிக்க மாட்டேன். டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' நேராக இயற்பியலிலிருந்து வந்தது. ஒளி எந்தப் பாதையில் போகும் என்பதைச் சொல்லும் ஃபெர்மா விதிதான் அதன் அச்சு. ஆண்டி வெய்ர் விண்வெளிப் பயணம் பற்றிய தொழில்நுட்ப விவரங்களைப் பொழுதுபோக்காகவே படிக்கிற கணினி நிரலர். ஆனால் அவர் புத்தகம் அச்சுக்கு வந்த விதம் இந்தக் கதையில் சேருகிறது. முகவர்கள் யாரும் அவருடைய பழைய எழுத்தை ஏற்காததால், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டவனின் கதையான 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இணையத்தில் போட்டார். படித்தவர்களில் வேதியியல் தெரிந்தவர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவர் திருத்தினார். கிண்டிலில் மின்னூலாகப் போடுங்கள், படிக்க வசதியாக இருக்கும் என்று கேட்டார்கள். அங்கே இலவசமாகப் போட வழியில்லாததால் இருப்பதிலேயே குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு 2011-இல் போட்டார். விற்பனை எகிறியது. 2014-இல் கிரவுன் பதிப்பகம் அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தது, 2015-இல் திரைப்படம். உருளைக்கிழங்குக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற கணக்கெல்லாம் கதையில் ஓடாது என்று எந்தப் பதிப்பாசிரியரும் நினைத்திருப்பார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ரசித்தவர்கள்தான் அதை மேலே கொண்டுவந்தார்கள்.

சீனாவின் லியு சிஷின் கதையில் ஒரு பழைய பெட்டி வருகிறது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்துச் சிறுவன் அவர். வெளியில் எளிதாகக் கிடைக்காத புத்தகங்கள் அப்பாவின் பெட்டியில் இருந்தன, அதில் ஒன்று பூமியின் மையத்துக்குப் போகும் வெர்னின் நாவல். 15 பத்திரிகை படித்து 20,000 குறிப்பு சேர்த்த அந்த வெர்ன்தான், பிரெஞ்சிலிருந்து சீனத்துக்கு மாறி, நிலக்கரி ஊரான யாங்ச்சுவானில் ஒரு பெட்டிக்குள் கிடந்தார். பிறகு லியு ஷான்சி மாகாணத்தில் ஒரு மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 'மூன்று உடல்' நாவல் 2006-இல் இதழில் தொடராக வந்தது, 2008-இல் புத்தகமானது. கென் லியு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2014-இல் வெளிவந்தது. மூலப் புத்தகத்தில் நடுவில் இருந்த பண்பாட்டுப் புரட்சிப் பகுதி ஆங்கிலத்தில் முதல் அத்தியாயமாக வந்தது. லியு முதலில் நினைத்திருந்த வரிசையும் அதுதான். 2015-இல் ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலில் முதலில் இந்த நாவல் இல்லை. பட்டியலில் இருந்த வேறொருவர் விலகிக்கொண்டதால் உள்ளே வந்து, விருதையும் வென்றது. ஆசிய மொழி ஒன்றிலிருந்து போன நாவலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

கடைசியாக வைத்திருந்தது அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரை. வாசிப்பு, வெற்றி என்ற இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான்.

1947-இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தார். அவருடைய சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர், மூன்றாண்டுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவர். வேலை செய்யும் வீடுகளில் தூக்கி எறியும் புத்தகங்களையும் இதழ்களையும் அந்த அம்மா மகளுக்காக எடுத்து வருவார். அட்டை கிழிந்தது, யாரோ கிறுக்கியது, பாதி எரிந்தது என்று எல்லாம் இருக்கும். எது வருகிறது என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் குப்பை தேர்ந்தெடுத்தது. எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா இருந்ததால் பட்லர் மெதுவாகத்தான் படிப்பார். பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியில் செவ்வாயிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிய மட்டமான படம் ஓடியது. இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று தோன்றியது. அதைவிட முக்கியமாக, இப்படி எழுதுகிறவனுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்களே என்று தோன்றியது. கறுப்பினத்தவர் எழுத்தாளர் ஆக முடியாதடி கண்ணு என்று அத்தை ஒருவர் அன்போடுதான் சொன்னார். அந்த வயது வரை தான் படித்த எதையும் ஒரு கறுப்பினத்தவர் எழுதியதாகப் பட்லருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1970-இல் கிளாரியன் எழுத்துப் பட்டறைக்குப் போய் இரண்டு கதைகளை விற்றார். ஒன்று 1971-இல் பட்டறைத் தொகுப்பில் வந்தது. இன்னொன்றை வாங்கிய தொகுப்பு அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவே இல்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டு ஒரு வார்த்தைகூட விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் சரக்கைச் சோதித்தார். அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார். 1976-இல் முதல் நாவலை டபுள்டே வெளியிட்டது.

அவர் வாசித்த முறையைப் பற்றி அவரே ஓர் உரையில் விளக்கியிருக்கிறார். வீட்டில் ஒரே நேரத்தில் நான்கைந்து புத்தகங்கள் திறந்து கிடக்குமாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. காலையில் நடக்கப் போகும்போது காதில் வேறு ஒலிப்புத்தகம் ஓடும். ஒன்றில் உள்ள எண்ணம் இன்னொன்றில் உள்ளதன் மேல் மோதித் தெறிக்கும், அந்த மோதலில்தான் தனக்கு யோசனைகள் பிறக்கின்றன என்றார். வெர்னின் 15 பத்திரிகையும் இதுவும் ஒரே பழக்கத்தின் இரண்டு வடிவம்.

இந்த மோதல் புத்தகத்தோடு நிற்கவில்லை. பட்லர் கார் ஓட்டாதவர். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊரில் அது பெரிய விஷயம். ஒரு நாள் பேருந்தில் கண்ணெதிரே நடந்த அடிதடியிலிருந்துதான் மனிதர்கள் பேச்சை இழந்துவிட்ட உலகத்தைப் பற்றிய 'ஸ்பீச் சவுண்ட்ஸ்' பிறந்தது. 1984-இல் அதற்கு ஹியூகோ. அமேசான் காட்டுக்குப் போகும் முன் அந்தப் பகுதியைப் பற்றிப் படித்தபோது, மனிதத் தோலுக்குள் முட்டை பொரிந்து புழு வளரும் ஒருவகை ஈயைப் பற்றித் தெரியவந்து நடுங்கிப்போனார். அந்த அருவருப்பைத் தீர்த்துக்கொள்ள எழுதிய 'பிளட்சைல்ட்' ஹியூகோவும் நெபுலாவும் வாங்கியது. படித்து உடம்பு கூசிய விஷயத்தை விட்டு ஓடாமல், கூசியது எதனால் என்று எழுதிப் பார்க்கிற துணிச்சல் எல்லோருக்கும் வராது.

'கிண்ட்ரட்' நாவலுக்காக மேரிலாந்துக்குத் தொலைதூரப் பேருந்து ஏறிப் போய், அங்கே நூலகத்திலும் வரலாற்றுச் சங்கத்திலும் அடிமை வாழ்க்கை பற்றிய ஆவணங்களைப் படித்தார். நிகழ்காலக் கறுப்பினப் பெண் ஒருத்தி 19-ஆம் நூற்றாண்டின் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிற கதை. காலப்பயணம் உண்டு, ஆனால் அதற்கு எந்த அறிவியல் விளக்கமும் இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்று பதிப்பகங்கள் குழம்பின. 1979-இல் டபுள்டே வெளியிட்டது. 1988-இல் பீக்கன் பதிப்பகம் கறுப்பினப் பெண் எழுத்தாளர் வரிசையில் மறுபடி கொண்டுவந்த பிறகு, வரலாறும் இலக்கியமும் நடத்தும் வகுப்பறைகளில் அது நுழைந்தது. அறிவியல் புனைகதை அலமாரிப் பக்கமே போகாத மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள். ஆண்டுதோறும் நிற்காமல் விற்கும் நூலாக அது மாறியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு.

1993-இல் 'பாரபிள் ஆஃப் தி சோவர்'. அது சின்னப் பதிப்பகம் ஒன்றின் வெளியீடு. தினசரிச் செய்தியில் வந்த வறட்சி, போதைப்பொருள், சுவர் எழுப்பி ஒதுங்கும் வசதியானவர்கள், மூடப்படும் நூலகங்கள் இவற்றையெல்லாம் கவனித்து, யாரும் எதுவும் செய்யாமல் 30 ஆண்டு விட்டால் என்ன ஆகும் என்று நீட்டிப் பார்த்தார். கதை 2024-இல் தொடங்குகிறது. 1995-இல் மக்ஆர்தர் அறக்கட்டளை அவருக்கு 2,95,000 டாலர் உதவித்தொகை அளித்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது முதல் முறை. 2006-இல் 58 வயதில் இறந்தார். 2020 செப்டம்பரில், கொள்ளைநோயும் காட்டுத்தீயும் சேர்ந்து அமெரிக்காவை உலுக்கிய நாட்களில், 27 ஆண்டுக்கு முன்பு வந்த அந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

அவருடைய காகிதங்கள் பாசடீனாவை ஒட்டிய சான் மரினோவில், ரயில்வே முதலாளி ஒருவரின் பழைய தோட்ட மாளிகையில் அமைந்த ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. 8,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். 1988-ஆம் ஆண்டு நோட்டு ஒன்றின் அட்டை உட்புறத்தில், என் நாவல்கள் விற்பனைப் பட்டியலில் ஏறும் என்று தனக்குத்தானே எழுதி, அப்படியே ஆகட்டும், நீ பார்த்துக்கொள் என்று முடித்திருக்கிறார். அந்தக் குவியலில் கதைக் குறிப்புகளோடு வாங்க வேண்டிய சாமான் பட்டியலும், மாதச் செலவுக் கணக்கும் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கு அந்த நூலகத்தில் ஆய்வாளர்கள் அதிகம் கேட்டு வாங்கிப் படிக்கும் தொகுப்புகளில் அதுவும் ஒன்று.